பேசும் ஜிபிஎஸ்: நடந்தால் ஒரு பேச்சு, பறந்தால் ஒரு பேச்சு... தெரியுமா?

“200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்.” இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய 3 விநாடி ஆகும். அந்த 3 விநாடிக்குள் நடந்து போகிறவர் 4 மீட்டர் நகர்ந்திருப்பார். 60 கி.மீ. வேகத்தில் போகிற கார் 50 மீட்டரைத் தாண்டியிருக்கும். 110 கி.மீ. வேக ரயில் 90 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். தரையிறங்கும் ஜெட் விமானமோ 200 மீட்டரையே விழுங்கியிருக்கும்!

அப்படியென்றால் ஒரே வாக்கியத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னால் போதுமா? போதவே போதாது! காலுக்கு ஒரு பேச்சு, சக்கரத்துக்கு ஒரு பேச்சு, துடுப்புக்கு ஒரு பேச்சு, இறக்கைக்கு ஒரு பேச்சு. எப்போது பேசுவது, எவ்வளவு பேசுவது, எதைச் சொல்லாமல் விடுவது... பேசும் ஜிபிஎஸ்ஸின் மொத்த சாமர்த்தியமும் இதில்தான் இருக்கிறது. இந்தச் சாமர்த்தியத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் யார் தெரியுமா? ஸ்டியரிங்கையே தொட முடியாதவர்கள். பார்வையற்றவர்கள்!

வானத்தில் என்ன நடக்கிறது?

தெரியுமா? ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது! “செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது” என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம்மைப் பார்ப்பதும் இல்லை, நம்மிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்வதும் இல்லை. “நான் இன்ன செயற்கைக்கோள், இப்போது இந்த நேரம், நான் இருப்பது இந்த இடம்” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது, அவ்வளவுதான். கையிலிருக்கும் கருவி அதைக் காதுகொடுத்துக் கேட்கிறது. பண்பலை ரேடியோ கேட்பது போலத்தான்! எத்தனை கோடிப் பேர் கேட்டாலும் வானத்தில் கூட்ட நெரிசல் கிடையாது.

தெரியுமா? இடத்தைக் கண்டுபிடிக்க இன்டர்நெட்டும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம்! நெட் செலவாவது வரைபடத்தை இறக்கவும், போக்குவரத்து நெரிசலைத் தெரிந்துகொள்ளவும்தான். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால், டவரே இல்லாத மலைக்காட்டிலும் நீங்கள் இருக்கும் இடத்தைக் கருவி சொல்லிவிடும்.

தெரியுமா? அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் பூமியை ஒரு நாளைக்கு இரண்டு முறை சுற்றுகின்றன. இப்போது 30க்கும் மேற்பட்டவை பணியில் இருக்கின்றன. நம் இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கின் சிக்னலாவது வேண்டும். மூன்று எதற்கென்றால் இடத்துக்கு. நான்காவது, நம் கருவியின் மலிவான கடிகாரத்தில் உள்ள தவறைத் திருத்திக்கொள்ள! வந்து சேரும் சிக்னல் எவ்வளவு மெலிந்தது தெரியுமா? கருவிக்குள் இயல்பாகவே இருக்கும் மின் இரைச்சலைவிடவும் மெலிந்தது! அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து அதைத் தோண்டி எடுக்கிறது உங்கள் சட்டைப் பையிலிருக்கும் சின்னஞ்சிறு சிப்.

தெரியுமா? கருவியைப் போட்டவுடன் ஏன் சில நேரம் திணறுகிறது? செயற்கைக்கோள் பேசும் வேகம் விநாடிக்கு வெறும் 50 பிட்! தான் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லி முடிக்கவே அதற்கு அரை நிமிடம் ஆகும். மற்ற எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணையையும் முழுதாகச் சொல்ல 12.5 நிமிடம்! கைபேசி அந்த விவரத்தை இன்டர்நெட் வழியாகவே சட்டென்று வாங்கிக்கொள்வதால்தான் நமக்குக் காத்திருப்பு தெரிவதில்லை. தனிக் கருவி வைத்திருப்பவர்கள் வாசலில் வந்து, வானம் தெரிய, கொஞ்சம் பொறுத்துத்தான் புறப்பட வேண்டும்.

தெரியுமா? ஐன்ஸ்டைன் இல்லாவிட்டால் இந்தக் குரல் உங்களைக் கடலில் இறக்கிவிடும்! அவருடைய சார்பியல் கோட்பாட்டின்படி, மேலே சுற்றும் அணுக் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது. கேட்க அற்பமாக இருக்கிறதா? திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கி.மீ.க்கு மேல் பிழை சேர்ந்துவிடும். மயிலாப்பூருக்குப் போகச் சொன்னால் வங்கக் கடலுக்குள் போகச் சொல்லும்!

தெரியுமா? ராணுவத்துக்காகப் பிறந்த ஜிபிஎஸ் பொதுமக்களுக்கு வந்ததன் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்ட கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள்! அதன் பிறகுதான், ஜிபிஎஸ் தயாரானதும் எல்லா நாட்டு மக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அதிபர் ரேகன் அறிவித்தார். அப்போதும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதம் அந்தப் பிழை நீக்கப்பட்டது. தெருவின் பெயரைச் சொல்லும் அளவுக்குக் குரல் துல்லியமானது அதன் பிறகுதான்!

தெரியுமா? இந்தியாவுக்குச் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது! அதன் பெயர் நாவிக். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று பறந்தது. இந்தியாவுக்கும் அதைச் சுற்றி 1,500 கி.மீ. வரையிலும் வழிகாட்டுவதற்காக அமைத்த ஏற்பாடு இது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளுக்குள் இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரம் இருக்கிறது. அதைத் தூக்கிப் போன ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் கிரயோஜெனிக் எஞ்சின்களைச் சோதித்துப் பார்ப்பது எங்கே? நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில்!

வண்டிக்கு வாய் வந்த கதை

தெரியுமா? செயற்கைக்கோளே இல்லாத காலத்தில், 1910 வாக்கில், அமெரிக்காவில் சாட்விக் ரோடு கைடு என்ற கருவி காரில் மாட்டப்பட்டது! துளையிட்ட உலோகத் தட்டு ஒன்று சக்கர ஓட்டத்துக்கு ஏற்பச் சுழலும். திருப்பம் நெருங்கும்போது துளை வழியே ஒரு சிறு கை எழும், அடையாளம் தெரியும், மணியும் அடிக்கும். “திரும்பு” என்று வண்டி ஓசையெழுப்பிச் சொல்லத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது!

தெரியுமா? 1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் கைரோஸ்கோப்பை வைத்தே காரின் இடத்தை வரைபடத்தில் காட்டியது. 1985இல் அமெரிக்காவின் ஈடாக் நிறுவனம் வரைபடத்தை எதில் பதிந்து விற்றது தெரியுமா? கேசட்டில்! பாட்டு கேட்கும் டேப் கேசட் மாதிரியே ஒன்றைச் செருகினால், அதிலிருந்து தெருக்கள் திரையில் வரும். இரண்டிலும் ஜிபிஎஸ் கிடையாது!

தெரியுமா? 1989இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேவிஸ் என்ற ஆய்வு மாணவர், ஆய்வாளர் கிறிஸ் ஷ்மாண்ட்டோடு சேர்ந்து, பாஸ்டன் பகுதித் தெருக்களில் குரலாலேயே வழி சொல்லும் காரை ஓட்டிக் காட்டினார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் “பேக் சீட் டிரைவர்”. பின் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறவர்! கார் ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்க வேண்டும், வழி காதுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர்களின் அடிப்படை.

தெரியுமா? தொடக்க காலக் கருவிகளுக்குத் தெருப் பெயர் சொல்லவே வராது! “வலதுபுறம்”, “இருநூறு”, “மீட்டரில்” என்று தனித்தனியாகப் பதிந்து வைத்த துண்டுகளை ஒட்டி ஒட்டித்தான் பேசும். எழுத்தைக் குரலாக்கும் நுட்பம் வந்த பிறகுதான் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் அதன் வாயில் வந்தன. ஆஸ்திரேலியப் பாடகி கேரன் ஜேக்கப்சன் 2002இல் அப்படியொரு கணினிக் குரலுக்காகப் பேசிக் கொடுத்தார். பின்னாளில் உலகெங்கும் கார்களில் ஒலித்தது அந்தக் குரல்!

தெரியுமா? கூகுள் மேப் தமிழில் வழி சொல்லத் தொடங்கியது 2018இல். அதற்கு முன்பும் நம் நாட்டு ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை. இந்திய மொழிகளுக்குக் கணினிக் குரல் உருவாக்கும் கூட்டுத் திட்டத்தை ஐஐடி மெட்ராஸ் முன்னின்று நடத்தியது. தமிழ்க் குரலுக்கான வேலையில் சென்னையை அடுத்த எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி ஈடுபட்டது. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்குத் தமிழில் பேசும் வழிகாட்டி எத்தனை பெரிய விடுதலை!

காலுக்குப் பேசும் குரல்

இப்போது வருகிறோம் உண்மையான அதிசயத்துக்கு!

தெரியுமா? பார்வையற்றவர் நடக்க ஜிபிஎஸ் உதவும் என்ற கனவு, ஜிபிஎஸ் முழுதாகப் பணிக்கு வருவதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது! கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் ரெஜினால்ட் கோலெட்ஜ் என்றொரு புவியியல் பேராசிரியர். மனிதர்கள் மனத்துக்குள் வரைபடத்தை எப்படி அமைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். 1984இல் அவருக்கே பார்வை போய்விட்டது! ஓய்ந்து உட்காரவில்லை மனிதர். உளவியலாளர்கள் ஜாக் லூமிஸ், ராபர்ட்டா கிளாட்ஸ்கி ஆகியோரோடு சேர்ந்து பேசும் வழிகாட்டியை உருவாக்கும் வேலையில் இறங்கினார். கணினி, பேட்டரி, ஆன்டெனா எல்லாவற்றையும் முதுகுப் பையில் சுமந்துகொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்து சோதித்தார்கள்.

அவர்கள் செய்த மாயம் என்ன தெரியுமா? நூலகம் இடப்பக்கம் இருந்தால், “நூலகம்” என்ற சொல் ஹெட்போனில் இடப்பக்கத்திலிருந்தே கேட்கும்! நீங்கள் திரும்பினால் ஓசையும் இடம் மாறும். கட்டடமே வாய் திறந்து கூப்பிடுகிறது! அதே எண்ணத்தை 2018இல் மைக்ரோசாஃப்ட் தன் ‘சவுண்ட்ஸ்கேப்’ செயலியில் கைபேசிக்குக் கொண்டுவந்தது. 2023இல் அதை நிறுத்திக்கொண்டபோது நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது; அதை வைத்து மற்றவர்கள் தொடர்கிறார்கள்.

தெரியுமா? இந்தக் கருவிகளைக் கடைக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர், மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பனிச்சறுக்கில் பாய்ந்தவர்! மைக் மே. மூன்று வயதில் நடந்த ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்தவர். 1990களில் ஆர்க்கென்ஸ்டோன் என்ற அமைப்பில் பேசும் வரைபடத்துக்காக உழைத்து, பிறகு செண்டரோ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிப் பேசும் ஜிபிஎஸ்ஸை மக்களிடம் சேர்த்தார். 2003 வாக்கில் கனடாவிலிருந்து ‘டிரெக்கர்’ வந்தது. பிறகு ஒரே கையில் அடங்கும் ‘டிரெக்கர் பிரீஸ்’, பேசும் புத்தகத்தையும் வழிகாட்டியையும் ஒன்றாக்கிய ‘விக்டர் ரீடர் டிரெக்’ என்று வரிசையாக வந்தன.

அப்படியொரு கருவி எப்படிப் பேசும் என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போமா? திரை முக்கியமே இல்லை. தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும் பொத்தான்கள். ஒரு சிறு ஸ்பீக்கர். நடக்க நடக்க, அடுத்து வரும் சந்திப்பின் பெயரைச் சொல்கிறது. அது முச்சந்தியா, நாற்சந்தியா என்றும் சொல்கிறது. “நான் எங்கே இருக்கிறேன்?” என்பதற்கென்றே தனிப் பொத்தான்! அமுக்கினால் இருக்கும் தெரு, பக்கத்துக் குறுக்குத் தெரு, அருகிலுள்ள இடம் எல்லாம் காதில் விழும். ஒரு கடை வாசலில் நின்று இன்னொரு பொத்தானை அழுத்தி, “இது முருகன் மளிகைக் கடை, இரண்டு படி ஏறணும்” என்று சொந்தக் குரலிலேயே பதிந்துகொள்ளலாம். அடுத்த முறை அந்த வாசலை நெருங்கியதும் உங்கள் குரலே உங்களுக்கு வழி சொல்லும்!

தெரியுமா? நின்ற இடத்தில் நின்றால் ஜிபிஎஸ்ஸுக்கு நீங்கள் எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்று தெரியாது! நாலடி நடந்தால்தான், முந்தைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் ஒப்பிட்டு, “கிழக்கே போகிறார்” என்று கண்டுபிடிக்கும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் முதலில் சில அடி நடந்துவிட்டுத்தான் அதன் பேச்சை நம்புவார்கள். கைபேசியில் திசைகாட்டியும் இருப்பதால் கொஞ்சம் சௌகரியம்.

தெரியுமா? திசையைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்கள்! நேர் எதிரே 12 மணி, வலது கை 3 மணி, முதுகுப்புறம் 6 மணி, இடது கை 9 மணி. “மருந்துக் கடை, 2 மணித் திசை, 30 மீட்டர்” என்றால் போதும். வடக்கும் தெற்கும் தெரிய வேண்டியதே இல்லை.

தெரியுமா? தெருவே இல்லாத இடத்திலும் அது கைவிடாது! பெரிய மைதானம், கடற்கரை மணல், கல்லூரி வளாகம் போன்ற இடங்களில் வரைபடத்தில் தெரு இருக்காது. அங்கே திறந்தவெளிப் பயன்முறைக்கு மாற்றிக்கொண்டால், போகிற வழியெல்லாம் புள்ளி புள்ளியாகப் பதிந்துகொண்டே வந்து, திரும்பும்போது வந்த வழியே அழைத்துப் போகும்.

ஆனால் இதையும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்! திறந்த வானத்தின் கீழ்கூடக் கைபேசியின் துல்லியம் சுமார் 5 மீட்டர். நம்மூர்ச் சின்னத் தெருவில் 5 மீட்டர் என்பது இந்தப் பக்க வாசலுக்கும் எதிர்ப்பக்க வாசலுக்கும் உள்ள தூரம்! உயரமான கட்டடங்களில் சிக்னல் பட்டுத் தெறித்து வந்தால் பிழை இன்னும் கூடும். திறந்து கிடக்கும் சாக்கடை, நடைபாதையில் நிறுத்திய பைக், தோண்டிப்போட்ட பள்ளம் எதுவும் வானத்துக்குத் தெரியாது. அடுத்த அடியைப் பார்க்க வெள்ளைக் கோல்தான். அடுத்த தெருவைப் பார்க்க ஜிபிஎஸ். ஒன்றுக்கு ஒன்று துணை, மாற்று கிடையாது!

தெரியுமா? காதை அடைக்காமலே கேட்கும் ஹெட்போன் இருக்கிறது! கன்னத்து எலும்பின் வழியாக ஓசையை உள்ளே அனுப்பும் வகை அது. வாகனச் சத்தமே பார்வையற்றவருக்குப் பாதி வழிகாட்டி என்பதால், காதைத் திறந்து வைத்திருப்பது உயிர்காக்கும் விஷயம்.

தெரியுமா? 2019 அக்டோபரில், உலகப் பார்வை தினத்தன்று, கூகுள் மேப்பில் நடப்பவருக்கான விரிவான குரல் வழிகாட்டல் வந்தது. “சரியான வழியில்தான் போகிறீர்கள்” என்று தைரியம் சொல்லும். பெரிய சாலையைக் கடக்கப் போகிறீர்கள் என்று எச்சரிக்கும். இதை உருவாக்க உதவியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கூகுளின் டோக்கியோ அலுவலகத்தில் வேலை பார்த்த, பார்வைக் குறையுள்ள ஒரு பெண் ஊழியர்!

ஓடுகிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும்

தெரியுமா? பிரிட்டனைச் சேர்ந்த சைமன் வீட்கிராஃப்ட் என்ற பார்வையற்ற ஓட்டக்காரர், கைபேசிச் செயலி அவ்வப்போது சொல்லும் தூரக் கணக்கையும் காலடியில் படும் தரையையும் வைத்துக்கொண்டே சாலையோரமாகத் தனியாக ஓடப் பழகினார்! பிறகு 2016இல் நமீபியப் பாலைவனத்துக்கே போய்விட்டார். அங்கே எந்தத் தெருப் பெயரைச் சொல்வது? பாதையிலிருந்து விலகினால் மட்டும் ‘பீப்’ என்ற ஓசை. சரியாக ஓடினால் மௌனம்! வழிகாட்டி எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

தெரியுமா? 60 கி.மீ. வேகத்தில் பைக் ஓட்டும்போது திரையை 2 விநாடி குனிந்து பார்த்தால், 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே போகிறீர்கள்! பைக்குக்குத் திரை ஆகாது, குரல்தான் பொருத்தம். இருசக்கர வாகனத்துக்கென்று தனிப் பயன்முறையைக் கூகுள் முதன்முதலில் கொண்டுவந்த நாடு எது தெரியுமா? 2017 டிசம்பரில், இந்தியா! கார் நுழையாத சந்துகளையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

தெரியுமா? சுரங்கப் பாதைக்குள் சிக்னல் செத்துவிட்டாலும் காரோடு சேர்ந்த கருவி உங்களை விட்டுவிடாது! சக்கரம் எத்தனை முறை சுழன்றது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வரும். 1981இல் ஹோண்டா செய்த அதே வித்தை!

பார்வையற்றவர் ஆட்டோவில் ஏறும்போது நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பேசும் ஜிபிஎஸ்ஸை வாகனப் பயன்முறைக்கு மாற்றுகிறார். ஒவ்வொரு சந்திப்பையும் சொல்லிக்கொண்டிருந்த கருவி இப்போது பெரிய சந்திப்புகளை மட்டும் சொல்கிறது; வேகத்துக்கு ஏற்ப முன்கூட்டியே சொல்கிறது. “அண்ணா, அடுத்த சிக்னல்ல லெஃப்ட் எடுங்க, அந்த மெடிக்கலுக்கு எதிர்ல நிறுத்துங்க” என்கிறார் அவர். ஓட்டுநர் வியந்து திரும்பிப் பார்க்கிறார்! வழி தெரிந்த பயணியாக உட்கார்ந்திருப்பதில் எத்தனை பாதுகாப்பு, எத்தனை கௌரவம்!

பஸ்ஸிலும் ரயிலிலும்

தெரியுமா? பஸ்ஸில் பேசும் ஜிபிஎஸ்ஸுக்கு மிகப் பிடித்த இடம் ஜன்னலோரம்! இரும்புக் கூரையும் நெருக்கி நிற்கும் ஆட்களும் அந்த மெலிந்த சிக்னலை மறைத்துவிடும். இறங்க வேண்டிய நிறுத்தத்தை முன்பே பதிந்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், 500 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் குறைவது காதில் கேட்கும். “சார், வடபழனி வந்துடுச்சா?” என்று பக்கத்து சீட்டைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை!

தெரியுமா? பஸ்ஸே பேசிவிட்டால் எல்லாருக்கும் லாபம்! லண்டன் சிவப்பு பஸ்களில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் ‘ஐபஸ்’ ஏற்பாடு 2000களின் பிற்பாதியில் வந்தது. அதில் ஒலிப்பது எம்மா ஹிக்னெட் என்பவரின் குரல். ஜிபிஎஸ்ஸோடு சக்கரச் சுழற்சியையும் சேர்த்து அது கணக்கிடுகிறது. சென்னை மாநகரப் பேருந்துகளிலும் 2023 முதல், ஜிபிஎஸ் உதவியோடு அடுத்த நிறுத்தத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கும் வசதி படிப்படியாக வரத் தொடங்கியது. பார்வையற்றவர், ஊருக்குப் புதியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கூட்டத்தில் ஜன்னலே தெரியாமல் நிற்பவர் எல்லாருக்கும் ஒரே அறிவிப்பு!

தெரியுமா? ரயிலில் ஜிபிஎஸ்ஸே இல்லாமலும் இடம் சொல்ல முடியும்! ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலி, வழியில் எந்த செல்போன் டவரின் கீழ் ரயில் போகிறது என்பதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும். விடியற்காலையில் இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு அலாரமும் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், இஸ்ரோவோடு சேர்ந்து இந்திய ரயில்வே எஞ்சின்களிலேயே பொருத்தும் கருவி, ரயில் இருக்கும் இடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது!

துடுப்புக்கும் இறக்கைக்கும்

தெரியுமா? தண்ணீரில் “வலதுபுறம் திரும்பவும்” என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை! அங்கே தெரு ஏது? எந்தத் திசை, இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு விலகிவிட்டோம், இந்த மூன்றும்தான் பேச்சு. துருக்கியில் பிறந்த அஹ்மத் உஸ்துனெல் என்ற பார்வையற்ற ஆசிரியர், குரலால் வழி சொல்லும் கருவிகளின் துணையோடு, 2018இல் இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் நீரிணையைக் கயாக் என்னும் சிறு படகில் தனியாகத் துடுப்புப் போட்டுக் கடந்தார். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் நீர்ப்பரப்பு, பெரும் கப்பல்கள் போகும் வழி! அதற்கு உதவிய பரிசு யார் பெயரில் தெரியுமா? கண்ணிழந்த பிறகு உலகையே சுற்றிவந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஹோல்மன் (1786–1857) பெயரில்!

தெரியுமா? நம் கடலில் இது உயிர்ப் பிரச்சினை! கரையிலிருந்து 10, 12 கி.மீ. தாண்டினால் செல்போன் டவர் எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனது. அதன் பிறகு 2019 அக்டோபரில் வந்தது ‘ஜெமினி’ கருவி. ககன் என்னும் இந்திய செயற்கைக்கோள் சேவை வழியாகப் புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் நடுக்கடலுக்கே வரும். மீனவர் தம் மொழியிலேயே கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலி, கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லைக்கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கிறது. பாக் நீரிணையில் அந்த எச்சரிக்கை எவ்வளவு பெரிது என்பது ராமேஸ்வரத்துக் குடும்பங்களுக்குத் தெரியும்.

தெரியுமா? ஏராளமான உயிர்களைக் காக்கும் பேச்சு ஒன்று விமானியின் அறையில் ஒலிக்கிறது! மலை இருப்பது தெரியாமல் நல்ல விமானமே போய் மோதும் விபத்துகளைத் தடுக்கவே வாழ்நாளைக் கொடுத்தவர் கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன். அவருடைய முதல் கருவியால் கீழே மட்டும்தான் பார்க்க முடிந்தது. செங்குத்தாக எதிரே எழும் மலை தெரியாது. 1990களில் ஜிபிஎஸ்ஸையும் உலக நிலப்பரப்பின் வரைபடத்தையும் இணைத்தார். சோவியத் யூனியன் கலைந்தபோது வெளியே வந்த அதன் ரகசிய நிலப்பட விவரங்களையும் வாங்கிச் சேர்த்தார்கள்! இப்போது ஆபத்து எதிரே வருமுன்பே “டெரைன்! டெரைன்! புல் அப்!” (நிலம்! நிலம்! மேலே ஏற்று!) என்று குரல் அலறும்.

தெரியுமா? தரையில் மெல்ல உருளும் விமானத்துக்கும் பேசும் ஜிபிஎஸ் உண்டு! ஓடுபாதையை நெருங்கினால் அதன் எண்ணைச் சொல்லும். ஓடுபாதை என்று நினைத்துப் பக்கத்துப் பாதையில் வேகம் எடுத்துவிட்டால், “ஆன் டாக்ஸிவே!” என்று எச்சரிக்கும். கவனித்தீர்களா? “தயவுசெய்து”, “200 மீட்டரில்” எதுவும் கிடையாது, இரண்டே சொல்! வேகம் எடுத்துவிட்டவருக்கு அவ்வளவுதான் நேரம்.

இனி நம் முறை

இவ்வளவும் பார்த்தபின் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வானத்திலிருந்து வரும் சிக்னல் எல்லாருக்கும் ஒன்றே. பயணியின் வேகத்தையும் தேவையையும் மதித்துப் பேசும்போதுதான் அது வழிகாட்டி ஆகிறது. அந்த மதிப்பைக் கற்றுக்கொடுத்தவர்கள் கண்ணால் பார்க்காமல் நடந்தவர்கள். அந்தக் கடனை நாம் எப்படித் திருப்பித் தரலாம் தெரியுமா?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடம் உலகத்து மக்கள் தாங்களே சேர்ந்து வரைவது. பார்வையற்றோருக்கான பல செயலிகள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. உங்கள் தெருவின் பெயர், பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம், காசு கிடையாது! கடை வைத்திருப்பவர்கள் கூகுள் மேப்பில் தங்கள் கடைப்புள்ளியைச் சரியான வாசலில் வையுங்கள். பஸ்ஸில் அறிவிப்பின் ஒலி குறைந்தோ நின்றோ போயிருந்தால் கண்டக்டரிடம் சொல்லுங்கள், டிப்போவுக்கு எழுதுங்கள். நடைபாதையில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்தத் தடையைச் சொல்லும் செயற்கைக்கோள் எதுவும் மேலே இல்லை. வெள்ளைக் கோலோடு காதில் குரல் கேட்டு நடப்பவரைக் கண்டால், கையைப் பிடித்து இழுக்காமல், “உதவி வேணுமா?” என்று முதலில் கேளுங்கள். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் வழி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். கடைசி 5 மீட்டருக்குத்தான் நாம் வேண்டும்!